சரக்கு யார்டில் எத்தனை லைன்? மாடல் ரயில் கேள்வி பதில்

இந்த மாதம் யார்டு, அதாவது சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் இடம் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அளவுகள் எல்லாம் எச்.ஓ.வுக்கு, அதாவது 1:87-க்கு. பாயிண்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடம்) என்று சொல்லும் இடங்களில், மாடல் தண்டவாளம் செய்யும் பீக்கோ நிறுவனத்தின் நடுத்தர ஆர பாயிண்டை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம்: நீளம் 219 மி.மீ., கோணம் 12 டிகிரி. வேகன் என்றால் மேலே திறந்த பாக்ஸ்-என் சரக்கு வேகன். அசல் வேகன் 10.713 மீட்டர், மாடலில் 123 மி.மீ.

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: மாடி அறையில் சுவரோரமாக 10 அடிக்கு 2 அடி பலகை போட்டிருக்கிறேன். எட்டு லைன், இரண்டு முனையிலும் லேடர் (பாயிண்டுகளை வரிசையாக வைத்து லைன்களைப் பிரிக்கும் சாய்ந்த லைன்) என்று யார்டு வரைந்து படத்தை இணைத்திருக்கிறேன். லேஅவுட்டின் மெயின் லைன் பின்பக்கமாகப் போகும். பாயிண்ட் வாங்கும் முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

வாங்கும் முன் கேட்டது நல்லதாயிற்று. படத்தில் இரண்டு குறைகள். ஒன்று கணக்கில், இன்னொன்று வேலை நடக்கும் விதத்தில்.

முதலில் கணக்கு. லைனுக்கு லைன் 50.8 மி.மீ. இடைவெளி வைத்தால், 12 டிகிரி லேடரில் கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு லைனும் நீளவாக்கில் 239 மி.மீ. எடுத்துக்கொள்ளும். எட்டு லைனுக்கு ஒரு முனையில் ஏழு பாயிண்ட்; 7 × 239 = 1,673 மி.மீ. இரண்டு முனைக்கும் சேர்த்து 3,346. உங்கள் பலகையே 3,050 மி.மீ.தான். காகிதத்தில் எட்டு லைனும் அடங்கிவிட்டதென்றால் பென்சில் கோடு 12 டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு லேடரையும் ஒரே பக்கம் சாய்த்து இணைகரமாக வரைந்தால் எல்லா லைனும் ஒரே நீளத்துக்கு வரும். அப்போதும் ஒரு லைனில் ஐந்து வேகனுக்கு மேல் நிற்காது. 14 பாயிண்ட் வாங்கி, லைனுக்கு ஐந்து வேகன் என்பது கட்டுப்படியாகாத ஏற்பாடு.

இதைவிடப் பெரிய குறை, ஷண்டிங் நெக் இல்லாதது. உங்கள் படத்தில் லேடர் நேராக மெயின் லைனில் போய்ச் சேர்கிறது. ஷண்டிங் இன்ஜின் நாலு வேகனை வெளியே இழுத்தால் மெயின் லைனில்தான் நிற்கும். அந்த நேரத்தில் வேறு வண்டி ஓடவே முடியாது. யார்டில் நடக்கும் வேலை ஒன்றே ஒன்று: இழுப்பது, பாயிண்டை மாற்றுவது, தள்ளுவது. இழுத்த வேகன்கள் நிற்க இடம் வேண்டாமா? அந்த இடம்தான் நெக். நெக் எத்தனை வேகன் கொள்கிறதோ அதுதான் யார்டின் வேகம். ஒன்பது வேகன் வண்டி வந்து, நெக்கில் நாலுதான் பிடிக்கும் என்றால் மூன்று முறை போய்வர வேண்டும். ஆகவே முதலில் நெக்கை வரையுங்கள். மிச்ச இடத்துக்கு எத்தனை லைன் வருகிறதோ, அத்தனை போதும்.

உங்கள் பலகைக்கு நாங்கள் சொல்வது இது. நீங்கள் பலகையின் முன்னால் நிற்கிறீர்கள். இடமிருந்து வலமாகப் படியுங்கள். பின்னால் மெயின் லைன், பலகை முழுக்க. அதற்கு 50.8 மி.மீ. முன்னால் நெக், இடது ஓரத்திலிருந்து 1,200 மி.மீ. வரை. சுமார் 200 மி.மீ. நீள இன்ஜினும் எட்டு வேகனும் சேர்ந்து 1,184 மி.மீ., எனவே அடங்கிவிடும். நெக் முடிகிற இடத்தில் முதல் பாயிண்ட். அதில் நேராகப் போவது ஒன்றாம் லைன். பிரிந்து உங்கள் பக்கம் வருவது லேடர். லேடரில் இன்னும் இரண்டு பாயிண்ட் வைத்தால் மொத்தம் நாலு லைன். முதல் பாயிண்ட் வலது கை (வலப்பக்கம் பிரிவது), அடுத்த இரண்டும் இடது கை. மூன்றையும் ஒரே கையாக வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. லேடர் வலப்பக்கம் திரும்பிவிட்ட பிறகு, ஒவ்வொரு லைனும் மறுபடி நேராக இடப்பக்கம் திரும்பியாக வேண்டும் என்பதை மனதில் வைத்தால் குழப்பம் வராது.

ஒன்றாம் லைன்தான் வண்டி வந்து சேரும், புறப்படும் லைன். அதன் வலது முனையை ஒரு இடது கை பாயிண்டால் மெயின் லைனில் சேர்த்துவிடுங்கள். மற்ற மூன்றும் பஃபரில் (லைன் முடிவில் வேகனைத் தடுக்கும் கட்டை) முடியட்டும். நெக்குக்கும் மெயின் லைனுக்கும் நடுவே இரண்டு இடது கை பாயிண்டில் ஒரு கிராஸ்ஓவர். நெக்கின் இடது முனையிலிருந்து 300 மி.மீ. தள்ளி அது தொடங்கட்டும், வண்டி கொண்டுவந்த இன்ஜின் அந்த மூலைக்குப் போய்த் திரும்ப இடம் வேண்டும். இரண்டு பாயிண்டின் பிரியும் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தாலே 50.8 மி.மீ. இடைவெளி தானாக வந்துவிடும். மொத்தம் ஆறு பாயிண்ட்: இடது கை ஐந்து, வலது கை ஒன்று. பலகையை இடவலமாக மாற்றிப் போட்டால் கையும் மாறும்.

கொள்ளளவைப் பார்ப்போம். பாயிண்ட் முடிந்து சுமார் 110 மி.மீ. தள்ளித்தான் ஃபவுலிங் மார்க் வரும். அதற்கு உள்ளே நிற்கும் வேகன் பக்கத்து லைன் வண்டியில் இடிக்கும். அதையும் பஃபருக்கு 50 மி.மீ.யையும் கழித்தால் ஒன்றாம் லைனில் 9, இரண்டில் 9, மூன்றிலும் நாலிலும் ஏழேழு. வண்டியின் கடைசியில் கார்டுக்கு இருக்கும் பிரேக் வேனையும் ஒரு வேகனாக எண்ணிக்கொள்ளுங்கள். எட்டு வேகன், ஒரு பிரேக் வேன் என்று வரும் வண்டி ஒன்றாம் லைனில் முழுதாக நிற்கும். பிரேக் வேனைக் கழற்றிய பிறகு மிச்ச எட்டும் ஒரே இழுப்பில் நெக்குக்குள் போய்விடும்.

பிரிக்கும் லைன்கள் மூன்றிலும் சேர்த்து 23 வேகன் பிடிக்கும் என்பதால் 23 வேகனை நிறுத்திவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பினால் அடியில் சிக்கிய ஒரு வேகனை எடுக்க மற்ற எல்லாவற்றையும் வெளியே இழுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் யார்டு முடங்கும். பதினைந்து வேகன் உங்கள் யார்டுக்குச் சரியான சுமை. மிச்ச வேகன்கள் அலமாரியில் இருக்கட்டும்.

கடைசியாக, பீக்கோ தன் பாயிண்டுகளின் அசல் அளவு அச்சுப்படங்களைத் தருகிறது. ஆறையும் அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, உண்மையான வேகன்களை அவற்றின் மேல் நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகு வாங்குங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்: சின்ன ஆர பாயிண்ட் 185 மி.மீ.தான். லேடருக்கு அதைப் போட்டால் பாயிண்டுக்கு 34 மி.மீ. மிச்சமாகுமே?

ஆகாது. லேடரின் நீளத்தைத் தீர்மானிப்பது பாயிண்டின் கோணமும் லைன்களின் இடைவெளியும்தான். பீக்கோவின் இந்த வரிசையில் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றுக்குமே கோணம் 12 டிகிரி. 50.8 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் லேடரின் மேல் பாயிண்டுக்குப் பாயிண்ட் 244 மி.மீ. வந்தே தீரும். நடுத்தர பாயிண்டுக்கு நடுவே 25 மி.மீ. துண்டுத் தண்டவாளம் வைக்க வேண்டும். சின்ன பாயிண்டுக்கு 59 மி.மீ. துண்டு. துண்டே வைக்காமல் சின்ன பாயிண்டுகளை அடுத்தடுத்துச் சேர்த்தால் லைன் இடைவெளி 38 மி.மீ.யாகச் சுருங்கும். தடம் புரண்ட வேகனை எடுக்க அதற்குள் விரல் போகாது. பக்கத்து வேகனையும் தட்டிவிடுவீர்கள்.

சின்ன பாயிண்டின் ஆரம் 610 மி.மீ., நடுத்தரத்துக்கு 914. பி.சி.என்.ஏ. போன்ற 166 மி.மீ. நீள மூடிய வேகன்களைப் பின்னோக்கித் தள்ளும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1,524 மி.மீ. ஆரமுள்ள பெரிய பாயிண்டின் நீளம் 258 மி.மீ., அது 244-க்குள் அடங்காது. அதைப் போட்டால் லைன் இடைவெளி 54 மி.மீ. ஆகும். இடம் உண்மையிலேயே நெருக்கடி என்றால் ஒரே இடத்தில் மூன்றாகப் பிரியும் மூவழி பாயிண்ட் ஒன்றை முதலில் வையுங்கள், இரண்டு பாயிண்டின் வேலையைச் செய்யும். ஆனால் வயரிங் சிக்கல் கூடும்.

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி: எச்.ஓ.வா, 'என்' (N) அளவா? ஃபிளாட்டில் இடம் குறைவு.

இடத்தை மட்டும் பார்த்தால் என் அளவு, 1:160. அதில் பாக்ஸ்-என் வேகன் 67 மி.மீ.க்கு வந்துவிடும். ஆனால் யார்டில் ஓயாமல் செய்வது வேகனைக் கழற்றுவதும் மாட்டுவதும், அவ்வளவு சின்ன வேகனில் அது சிரமம். ஓடுகிற வண்டியைப் பார்க்க ஆசையென்றால் என் அளவு. ஷண்டிங் செய்ய ஆசையென்றால் லைனைக் குறைத்துக்கொண்டு எச்.ஓ.விலேயே இருங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து, ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற வாசகர்: பேரன் மாடல் யார்டு கட்டுகிறான். எல்லா லைனிலும் வேகனை வரிசையாக நிறுத்தி யார்டு என்கிறான். நாங்கள் பார்த்த யார்டில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வேலை இருந்தது. எதையெல்லாம் அவன் விடாமல் சேர்க்க வேண்டும்? எந்தக் காலத்தைக் காட்டினால் பொருத்தமாக இருக்கும்?

ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வேலை என்று எழுதி வைத்துவிட்டுத்தான் வரையவே உட்கார வேண்டும். காலத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

1980-களில் இந்திய ரயில்வே வேகன் வேகனாகச் சரக்கு சேர்த்துப் பிரிப்பதிலிருந்து முழு ரேக்காக, அதாவது வழியில் பிரிக்காத ஒரே வண்டியாக ஓட்டும் முறைக்கு மாறியது. அதன் பிறகு பல மார்ஷலிங் யார்டுகளுக்குப் பழைய வேலை இல்லாமல் போனது. ஆகவே வேகன்களை ஊர் ஊராகப் பிரித்து அடுக்கும் யார்டுதான் வேண்டுமென்றால், அதற்கு முந்தைய காலத்தை எடுக்கச் சொல்லுங்கள். நாலு சக்கர வேகன், ஸ்குரூ கப்ளிங், நீராவி இன்ஜினோடு டீசல் இன்ஜினும் ஓடிய காலம். நாலு சக்கர வேகன் குட்டையானது என்பதால் அதே லைனில் கூடுதலாக நிற்கும். மாடலில் இது பெரிய லாபம்.

இன்றைய காலம்தான் வேண்டும் என்று பேரன் நின்றால் அதிலும் ஷண்டிங் உண்டு. 58 பாக்ஸ்-என் வேகன் ரேக்கின் நீளம் 621 மீட்டர். மாடலிலேயே அது ஏழு மீட்டரைத் தாண்டும். வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்கு ரயில்வே வைத்திருக்கும் 686 மீட்டர் அளவை 1:87-இல் போட்டால் கிட்டத்தட்ட 7.9 மீட்டர். அதனால் எட்டு, ஒன்பது வேகனைத்தான் முழு ரேக் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கூட்ஸ் ஷெட் லைனை நாலு வேகன் நீளத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். ரேக் வந்ததும் அதை இரண்டாக வெட்டி, முன்பாதியை ஷெட்டில் வைத்து, சரக்கு இறக்கி, வெறும் வேகனை எடுத்து, பின்பாதியை வைக்க வேண்டும். ஷெட் லைன் முழு ரேக்குக்குப் போதாத இடங்களில் நடக்கிற வேலைதான் இது. உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே வகை வேகனாக இருந்தாலும் பேரனுக்கு ஒரு மணி நேர வேலை கிடைக்கும்.

சென்னையிலேயே மாதிரிக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குள் போகும் லைன், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையின் கன்டெய்னர் முனையம், அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரேக் என்று எல்லாம் வடசென்னையிலேயே ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டடத்தின் தூண் வரிசையைப் பின்னணி அட்டையில் வரைந்தாலே இடம் சொல்லாமல் புரிந்துவிடும். நிலக்கரி ரேக் மட்டும் யார்டில் பிரிக்கப்படுவதில்லை. அது மெயின் லைனில் கடந்து போகட்டும்.

சேர்க்க வேண்டியவற்றில் முதலாவது சிக் லைன். பழுதான வேகனுக்கு இரண்டு வேகன் நீளம் போதும், நெக்கிலிருந்து பிரியட்டும். ரேக்கின் நடுவே ஒரு வேகன் சிக் ஆனால் அதை வெட்டி எடுத்து மிச்சத்தை மறுபடி சேர்ப்பது, கூட்ஸ் ஷெட்டுக்கு அடுத்து நல்ல வேலை. பிரேக் வேனுக்குத் தனியாகக் குட்டி லைன், அதுவும் நெக்கின் பக்கமே. வண்டி வந்ததும் முதலில் கழற்றி ஒதுக்கப்படுவது அதுதான். எடை மேடை, லைன் நடுவே நடைபாதை, ஃபவுலிங் மார்க். இந்தக் கடைசியை விட்டுவிடவே கூடாது. வெள்ளை பூசிய சின்னக் கட்டையாக இரண்டு லைனுக்கு நடுவே வைத்துவிட்டால் அழகுக்கும் ஆயிற்று, எங்கே நிறுத்த வேண்டும் என்று ஓட்டுபவருக்கும் தெரியும். அது எந்த இடத்தில் வர வேண்டும் என்று பேரனுக்கு நீங்களே காட்டிக்கொடுங்கள். பக்கத்து லைனில் மிக அகலமான வேகனை மெல்ல நகர்த்தி, இரண்டுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி கிடைக்கும் இடத்தைக் குறித்தால் போதும்.

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்: ஆறு சக்கர ஷண்டிங் இன்ஜின் லேடரில் பாயிண்டுக்குப் பாயிண்ட் நின்றுவிடுகிறது. விரலால் தள்ளினால் ஓடுகிறது. நீளமான இன்ஜின் நிற்பதில்லை. நண்பர் சொன்னாரென்று உலோக ஃபிராக் உள்ள பாயிண்டை ஒன்று மாற்றிப் பார்த்தேன். அதில் ஷார்ட் ஆகிறது.

இரண்டுக்கும் காரணம் ஃபிராக்தான், அதாவது இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்கு. உங்கள் பழைய பாயிண்டுகளில் அது பிளாஸ்டிக். சக்கரம் அதன் மேல் இருக்கும்போது மின்சாரம் எடுக்காது. நீள இன்ஜினுக்கு மற்ற சக்கரங்கள் வெளியே நல்ல தண்டவாளத்தில் இருக்கும். டபிள்யூ.டி.எஸ்.-4 போன்ற குட்டை ஆறு சக்கர இன்ஜினில் ஒரு சக்கரம் ஃபிராக்கில் இருக்கும்போது இன்னொன்றின் அடியில் துளி அழுக்கு இருந்தாலும் போதும், நின்றுவிடும். மெயின் லைனில் வேகம் கைகொடுக்கும். ஷண்டிங் வேகத்தில் அந்த உதவியும் இல்லை. ஆகவே யார்டுக்கு உலோக ஃபிராக் என்பதில் உங்கள் நண்பர் சொன்னது சரிதான்.

ஷார்ட் ஆவது ஏன்? முழு உலோக ஃபிராக், பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத் தண்டவாளத்தின் மின்முனையை எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து பிரியும் இரண்டு உள் தண்டவாளங்களுக்கும் அதே முனைதான். அப்பால் லைனுக்குத் தனியாக ஃபீடர் (மின்சாரம் கொண்டுவரும் வயர்) கொடுத்திருப்பீர்கள். எதிர் முனை அங்கிருந்து ஃபிராக் வரை ஓடி வந்து மோதும். அந்த இரண்டு உள் தண்டவாளங்களிலும் தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் உலோக ஜாயினரை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள், ஷார்ட் நின்றுவிடும். ஃபிராக்குக்கு வரும் மின்சாரத்தைப் பாயிண்டின் நாக்கு (நகரும் தண்டவாளம்) தொடுவதை நம்பி விடாமல், பாயிண்ட் மோட்டாரோடு திரும்பும் ஒரு சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். நாக்கின் ஓரத்தில் பெயின்ட்டோ தூசியோ படிந்தால் தொடர்பு போய்விடும், பிறகு ஒவ்வொரு வாரமும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பலகைக்கு அடியில் முதன்மை வயர் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். வீட்டு வயரே போதும். தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீடர் கொடுங்கள். ஜாயினர் மின்சாரம் கடத்தும் என்று நம்பாதீர்கள், கடற்காற்று வீசும் ஊரில் சில மாதங்களிலேயே அது கறுத்துப்போகும். பாயிண்ட் மோட்டார் சுருள் வகையென்றால், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே அடியாக விடும் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்று கட்டாயம். 4,700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெபாசிட்டர் ரிச்சி தெருவில் தாராளமாகக் கிடைக்கும். அழுத்தினால் மட்டும் தொடும் பட்டனைப் போடுங்கள். சாதா சுவிட்ச் போட்டு அணைக்க மறந்தால் சுருள் புகைந்துவிடும்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: பையனுக்குப் பதினோரு வயது. ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மாடல் ரயில் பைத்தியம். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற மாதிரி ஆறடிக்கு ஓரடிப் பலகையில் யார்டு முடியுமா அண்ணா?

முடியும் அம்மா, அதுவும் நன்றாகவே முடியும். உலகம் முழுக்கப் பலர் கட்டியிருக்கும் இங்கிள்நுக் என்ற மூன்று லைன் அமைப்பு இதற்கென்றே வாய்த்தது. பாயிண்ட் இரண்டே இரண்டு. ஒரு லைனில் ஐந்து வேகன், மற்ற இரண்டிலும் மும்மூன்று, நெக்கில் இன்ஜினும் மூன்று வேகனும்.

பாக்ஸ்-என் அளவு வேகனுக்கு நெக் 600 மி.மீ., பாயிண்ட் இரண்டும் 438, ஃபவுலிங் மார்க் வரை 110, ஐந்து வேகன் லைன் 640. கூட்டினால் 1,788. ஆறடி என்பது 1,829 மி.மீ., பஃபர் வைக்கவும் இடம் இருக்கிறது. மூன்று வேகன் லைன்கள் 390 மி.மீ. போதும்.

ஆட்டம் இப்படி. எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதுங்கள். ஐந்து நீள லைனிலும், மூன்று ஒரு குட்டை லைனிலும் நிற்கட்டும். சீட்டைக் குலுக்கி ஐந்து எடுங்கள். வந்த வரிசைப்படி அந்த ஐந்து வேகனும் நீள லைனில் நிற்க வேண்டும். கையால் தூக்கக் கூடாது. வரக்கூடிய வரிசைகள் மொத்தம் 6,720, அதனால் சீக்கிரம் சலிக்காது. நீளத்தை மட்டும் தாராளமாக விட்டுவிடாதீர்கள். நெக்கில் நாலு வேகன் நின்றால் புதிரே போய்விடும்.

வேகனோடு வேகனை மாட்டும் கப்ளர் எல்லா வேகனிலும் ஒரே வகையாக இருக்கட்டும். கேடி போன்ற நக்கிள் கப்ளர் என்றால் கழற்ற, நுனியைத் தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சி போதும்: இரண்டு கப்ளருக்கும் நடுவே மேலிருந்து விட்டு லேசாகத் திருப்பினால் பிரிந்துவிடும். தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் பதிக்கும் முறையும் உண்டு. ஆனால் யார்டில் வண்டி நின்று நின்று போவதால் வேண்டாத இடத்திலும் கழன்றுகொள்ளும். கப்ளர் மாட்டும் இடம் நேர் லைனாக இருப்பது முக்கியம், வளைவில் இரண்டும் ஒன்றையொன்று விலகிப் போகும்.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: கழற்றி விட்ட வேகன் தானாக உருண்டு பாயிண்டில் வந்து நிற்கிறது. தள்ளும்போது நடு வேகன் தடம் புரள்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

இல்லை, தனித்தனி. உருள்வது பலகையின் சரிவால். நல்ல உலோகச் சக்கரம் போட்ட வேகனுக்கு மீட்டருக்கு 10 மி.மீ. சரிவே தாராளம். தச்சர் வைத்திருக்கும் ரசமட்டத்தை லைன் நெடுக வைத்துப் பாருங்கள், பிறகு நன்றாக உருளும் ஒரு வேகனை ஒவ்வொரு லைனிலும் நாலைந்து இடத்தில் விட்டுப் பாருங்கள். ரசமட்டம் காட்டாததை வேகன் காட்டும். கால்களில் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் வைத்திருந்தால் சரிசெய்வது சுலபம்.

தடம் புரள்வதற்கு முதல் சந்தேகம் எடை. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. எச்.ஓ.வுக்குச் சொல்லும் கணக்கு, 1 அவுன்சுடன் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நம் கணக்கில் பாக்ஸ்-என் 97 கிராம், பி.சி.என்.ஏ. 121 கிராம். சமையலறைத் தராசில் எல்லா வேகனையும் நிறுத்துப் பாருங்கள். கனமான வேகனுக்கும் கனமான வேகனுக்கும் நடுவே லேசான ஒன்று மாட்டிக்கொண்டால் தள்ளும்போது அதுதான் தூக்கி எறியப்படும். எடை சரியென்றால் அடுத்து கப்ளரின் கீழே தொங்கும் கம்பி. தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கும் அதற்கும் சுமார் 0.8 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் பாயிண்டில் மாட்டி இழுக்கும். அதுவும் சரியென்றால் சக்கரங்களின் இடைவெளியை என்.எம்.ஆர்.ஏ. கேஜ் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே வேகன் எல்லா இடத்திலும் புரண்டால் வேகனில் கோளாறு. எல்லா வேகனும் ஒரே இடத்தில் புரண்டால் லைனில் கோளாறு.

ஆவடியிலிருந்து ஒரு வாசகர்: முகல்சராய் மாதிரி ஹம்ப் யார்டு கட்ட ஆசை. மேட்டிலிருந்து வேகன் தானாக உருண்டு லைனுக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒவ்வொரு வேகனும் ஒவ்வொரு மாதிரி உருளும். நன்றாக உருள்வது போய் இடிக்கும், மந்தமானது பாயிண்டிலேயே நிற்கும். அசலில் வேகத்தைக் குறைக்க ஆளும் கருவியும் உண்டு. மாடலில் ஊதுகாற்றை வைத்து முயன்றவர்கள் உண்டு, அதற்கு இடமும் பொறுமையும் நிறைய வேண்டும். அந்த நீளத்தை நெக்குக்குக் கொடுங்கள்.

கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகர்: போன டிசம்பரில் போட்ட லைன் மே மாதம் பாம்பு மாதிரி வளைந்துவிட்டது. வெயிலில் தண்டவாளம் நீண்டதுதான் காரணமா?

ஓரளவுக்குத்தான். மூன்று மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி சூடேறினால் முக்கால் மி.மீ. நீளும். பெரும்பாலும் குற்றவாளி பலகைதான். மழைக்காலத்து ஈரத்தில் மரம் ஊதியிருக்கும்போது லைனை இடைவெளியில்லாமல் போட்டிருப்பீர்கள். பிறகு கோடையில் ஏ.சி. போட்டதும் அறையின் ஈரம் போய் மரம் சுருங்கும். தண்டவாளம் சுருங்காது, போக இடமில்லாமல் வளையும்.

12 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் தரம், அடியில் 400 மி.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும். மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து அடிப்பக்கத்தை விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கோணும். இரண்டு பக்கமும், வெட்டிய ஓரமும், வயருக்குப் போட்ட துளையின் உள்பக்கமும் பூச வேண்டும். இப்போது வளைந்திருக்கும் லைனில் மீட்டருக்கு ஓர் இடத்தில் மெல்லிய வெட்டுச் சக்கரத்தால் அரை மி.மீ. இடைவெளி வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஃபீடர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஜாயினர்கள் எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் ஒன்று விட்டு ஒன்றை விடுவிக்க வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்: ஜல்லிக்குப் பதில் கடற்கரை மணலைச் சலித்துப் போடலாமா? வீட்டுக்கு எதிரிலேயே கிடைக்கிறது.

போடாதீர்கள். அதில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தையும் ஜாயினரையும் அரிக்கும். இரண்டாவது, கடற்கரை மணலில் கறுப்பாகத் தெரியும் துகள்களில் காந்தத்தில் ஒட்டுபவை உண்டு. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் அளைந்து பாருங்கள், தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இன்ஜின் மோட்டாரில் இருப்பதும் காந்தம்தான். துகள் உள்ளே போனால் பல்சக்கரமும் மோட்டாரும் கெடும்.

கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து, காந்தத்தால் மூன்று நாலு முறை துழாவி எடுத்தால் சாம்பல் நிற ஜல்லி கிடைத்துவிடும். அதை லைனில் பரப்பி, தட்டைத் தூரிகையால் ஸ்லீப்பரின் மேல்மட்டத்துக்குக் கீழே ஒதுக்குங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து முதலில் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து மருந்து ஊசிக் குழாயால் சொட்டு சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் உருண்டையாக நிற்கும், ஜல்லி மிதந்து குழியாகிவிடும்.

பாயிண்ட் நகரும் குறுக்குக் கட்டையைச் சுற்றி மட்டும் ஜல்லியும் வேண்டாம், பசையும் வேண்டாம். அங்கே பழுப்பு பெயின்ட் போதும். பசை காயும் வரை அரை மணிக்கு ஒருமுறை எல்லாப் பாயிண்டையும் இருபக்கமும் திருப்பிக்கொண்டே இருங்கள். மறுநாள் காலை தண்டவாளத்தின் மேல்மட்டத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு இன்ஜினை வையுங்கள்.